அச்சில் விடுபட்ட பெயர்

இங்கே பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். டிக்கெட் எடுத்துத்தானே ஏறினோம், நன்றி எதற்கு என்று, எண்பத்தாறில் கலிபோர்னியாவுக்கு வந்த முதல் வாரமே டயரியில் எழுதியிருக்கிறேன். அதே மாதம் இன்னொரு குறிப்பும் உண்டு. தண்ணீர் கொடுத்த எனக்கு, பள்ளியில் கற்றுக்கொண்ட பழக்கத்தில், மகன் கதிர் ‘தேங்க்ஸ்’ சொன்னான். ஊட்டு ஆளுகளுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்லுவாங்களா கண்ணு என்று திருத்தினேன்.

கதிருக்கு இப்போது பத்தொன்பது வயது. நண்பர்கள் மூவருடன் சேர்ந்து பாப் பங்க் வாசிக்கிறான். காதல் தோல்வியைக்கூடக் குதித்துக்கொண்டே பாடுகிற, வேகமான, உரத்த இசை. யாரோ இரண்டு பேர் தங்கள் வீட்டின் பின்னறையில் நடத்தும் ஓர் இண்டிபெண்டன்ட் லேபிள், அதாவது சின்ன இசை வெளியீட்டுக் கம்பெனி, அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பதினான்கு பாட்டு, முப்பத்தொரு நிமிடம். கேசட்டுக்குள் மடித்து வைத்த தாளில் நன்றிப் பட்டியல், நாற்பத்திரண்டு பெயர்கள். முதல் பெயர் பக்கத்து வீட்டு ஹாரி. வேன் பழுது பார்த்தவர், பீட்சாக் கடைப் பெண், ஹாரியின் நாய் எல்லாரும் உண்டு. என் பெயர் இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

மனைவி சரோஜாவின் பெயரும்தான் இல்லை, அவள் கவலைப்படவில்லை. “ஹாரி மூணு வருசமா பிராக்டீஸுக்கு கேராஜைக் குடுத்தாருங்க. நம்ம கேராஜுல நீங்க காருக்குக் கோடு போட்டு வெச்சிருக்கறீங்க” என்றாள். அன்று மாலை ஹாரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேசட்டை ஆட்டிக் காட்டி, “மை பாய்ஸ்” என்றார். அதில் ஒருவன் என்னுடையவன் என்றேன். ஆமாம், பேஸ் கிடார் வாசிப்பவன், அருமையான பையன் என்று என் மகனை எனக்கே அறிமுகப்படுத்தினார்.

ஊரில் பெயர் விடுபடுவது சின்ன விஷயமல்ல. அக்காவின் கல்யாணப் பத்திரிகை கோயம்புத்தூரில் அச்சாகி அன்னூருக்கு வந்தபோது, மதுக்கரை மாமாவின் பெயர் அதில் இல்லை. அச்சுக்கு முன் பிழை பார்த்தவன் நான். “பேரில்லாத ஊட்டுக்கு நான் எப்படீங்க மச்சான் வாரது?” என்று மாமா என் அப்பாவிடம் குரல் உயர்த்தாமல் கேட்டார். அச்சுல விட்டுப்போச்சுங்க என்றார் அப்பா. நானும் தம்பி சுப்புவும் இரண்டு நாள் உட்கார்ந்து, மிச்சமிருந்த முந்நூறு பத்திரிகைகளிலும் கறுப்பு மையில் மாமா பெயரை எழுதினோம். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார்.

பட்டியலில் என் பெயர் ஏன் இல்லை என்று கதிரிடம் கேட்டேவிட்டேன். அவன் விழித்தான். “அதெல்லாம் வெளியாளுகளுக்குப்பா. நீங்கதானே சொன்னீங்க?”

சரியான பதில். ஆதாரம் என் டயரியிலேயே இருக்கிறது. ஆனாலும் அந்த வெளியாள்மேல் எனக்கிருந்த பொறாமை ஓர் இம்மியும் குறையவில்லை.

அன்னூருக்கு ஒரு கேசட் அனுப்ப வேண்டியிருந்தது. தபாலில் போடுமுன் தாளை விரித்து, ஹாரிக்கு மேலிருந்த வெற்றிடத்தில், கறுப்பு மையில், அச்செழுத்துப் போலவே என் பெயரை எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து சுப்புவைப் போனில் கூப்பிட்டேன். பாட்டு ஒன்றும் விளங்கவில்லையாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் தாளை மட்டும் வாங்கி வாங்கிப் பார்த்தார்களாம். பிறகு சற்றுத் தயங்கி, “உங்க பேரு மட்டும் பேனாவுல எழுதியிருக்குதுங்களே அண்ணா” என்றான்.

“அச்சுல விட்டுப்போச்சு” என்றேன்.

அன்னூர் வீட்டுக் கேசட்டில் நான்தான் முதல் ஆள். இங்கே என் மேசைமேல் இன்னொரு கேசட் இருக்கிறது. பேனாவும் பக்கத்தில்தான் கிடக்கிறது. அந்தக் கேசட்டின் தாளில் ஹாரிக்கு மேலே அந்த வெற்றிடம் அப்படியே இருக்கிறது.