முத்துப்பேச்சியின் தாடை

முத்துப்பேச்சியைக் கண்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பிக்பாக்கெட்டுகள் எதிர்ப்பக்கம் நடப்பார்கள். அப்பேர்ப்பட்ட போலீஸ்காரியை நடுங்க வைத்தது தாடையில் முளைத்த இருபது முப்பது முடி. தினமும் விடிந்ததும் சாமணத்தால் பிடுங்கிவிட்டுத்தான் காக்கியை மாட்டுவாள்.

தொண்ணூற்றொன்பதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பொன்னுராஜுக்கு ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை. "தெரிஞ்சா வேண்டாம்னுட்டுப் போயிருவாக, பரிபூரணம்" என்று என்னிடம் அழுதாள். நானும் அதே ஸ்டேஷன்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் மதுரையில் முடி எடுக்க லேசர் மெஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூட்டிப்போனேன்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஒரு தூசி இல்லாமல் துடைத்து வைப்பது எங்கள் உத்தியோகப் பழக்கம். டாக்டரிடம் காட்டுவதும் இன்ஸ்பெக்‌ஷன்தானே என்று, முந்தின நாளே ஒரு முடி விடாமல் பிடுங்கிவிட்டு வந்திருக்கிறாள் மகராசி.

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தடயத்தையெல்லாம் அழிச்சிட்டு வந்திருக்கீங்களே! லேசர் வெளிச்சம் முடியோட கருப்பைப் பிடிச்சுத்தான் வேரைச் சுடும். வேரே இல்லாம எதைச் சுடுறது? ஆறு வாரம் பிடுங்காதீங்க, ஷேவ் பண்ணிக்கலாம். வெயில்ல அலையாதீங்க. ஒரே தடவையில போகாது. ஆறேழு தடவை வரணும். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி சுரீர்னு இருக்கும். அடியோட ஒழியும்னு சத்தியம் பண்ண மாட்டேன், நல்லாக் குறையும்."

"வெயில்ல அலையாமப் போலீஸ் வேலையா? நல்லாச் சொன்னாக!" என்று படியிறங்கும்போது பொருமினாள். ஷேவ் பண்ணவும் மாட்டாளாம். பிளேடு பட்டால் கட்டையாக முளைக்குமாம். டாக்டர் சொல்லியும் நம்பினால்தானே! கைக்குட்டையால் முகத்தைக் கட்டிக்கொண்டு, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரெல்லாம் புளுகினாள்.

நாலாவது வாரம், அச்சடித்த கல்யாணப் பத்திரிகையோடு பொன்னுராஜ் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

"என்ன, சளியா?" என்றார்.

முத்துப்பேச்சி பத்திரிகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டென்று கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"இதுதான் நான். முடி எடுக்க மதுரையில ஒரு டாக்டரம்மாகிட்டப் போயிருக்கேன். பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. பத்திரிகை இன்னும் யாருக்கும் கொடுக்கல." குரல் உடைந்துபோயிற்று.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தலையைக் குனிந்து, காதோரத்திலிருந்து இழுத்து வாரியிருந்த முடியை ஒதுக்கினார். நடு மண்டை பளபளவென்று வழுக்கை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ஃபேனைப் போடாதீகன்னு ஏன் சொன்னேன்னு நினைக்கீக?" என்றார். "அந்த டாக்டரம்மா எடுக்கிற முடியை வேற எங்கயாச்சும் நட்டுவிடுவாகளான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

முத்துப்பேச்சி வாயைப் பொத்தாமல் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.