மிளகாய்க் கொல்லையில் ரோமாபுரிக் கோபுரம்

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். வைகை கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊரில் நான் சரித்திர வாத்தியார். கீழக்கரை சிநேகிதர் ஒருவர், கொழும்பில் வாங்கிய பழைய வரைபடம் ஒன்றை எனக்குக் கொடுத்தார். ரோமர்கள் வியாபாரம் செய்த ஊர்களெல்லாம் லத்தீன் பெயரோடு அதில் இருந்தன. எங்கள் ஆற்றின் தென்கரையில் ஓர் இரட்டைக் கோபுரம் வரைந்திருந்தது.

ரோமர் ஊர் அங்கேதான் புதைந்திருக்கும் என்று நினைத்தேன். தென்கரையில் மேடான இடம் கருப்பையாவின் மிளகாய்க் கொல்லை மட்டும்தான். அவரைக் கேட்காமலே நாலு ஆட்களோடு போய், பழுத்து நின்ற செடிகளை வெட்டிச் சாய்த்தேன். கருப்பையா ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்தார். “படிக்காத பயலுக்கு என்ன தெரியும்” என்று அதைப் பிடுங்கி, காம்பால் ஓங்கி அடித்தேன். அவர் முழங்கை முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்போதும் நான் தோண்டுவதை நிறுத்தவில்லை. ஆளுயரம் தோண்டினோம். வெறும் மணல்.

சாயங்காலம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோபுரம் வெறும் அலங்காரம். காலியிடம் கிடைத்த பக்கம் வரைந்திருக்கிறார்கள். ஊர் இருக்கும் இடத்தைக் காட்டும் சின்ன வட்டம் வடகரையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் சொன்னேன்.

“வடகரையிலதான வாத்தியாரே பழைய ஓட்டுச்சில்லெல்லாம் கெடக்கு. அதச் சொல்லுறதுக்குள்ள அடிச்சுப்புட்டீக” என்றார்.

அந்தக் கை அப்புறம் நிமிரவேயில்லை. பின்னால் யார் யாரோ வடகரையில் தோண்டி ரோமானிய ஜாடிகளை எடுத்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. எங்கள் ஊரிலிருந்து வடகரைக்குப் போக, அவர் கொல்லை வழியாகத்தான் ஆற்றில் இறங்க வேண்டும்.