கறுத்த முடிக்காரர் முதலில் வரவேண்டும்

டெக்சஸில், சுகர் லேண்டில் எங்கள் பக்கத்து வீட்டு சுப்பையன் அங்கிள் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். சொந்த ஊர் எது என்று கேட்டால் தேனி என்று சொல்லவே மாட்டார். கிரெய்க்வென் என்பார். ஸ்காட்லாந்தில், கடலோரத்தில், மொத்தமே அறுபது வீடு. காற்றுக்குப் பயந்து எல்லா வீடும் கடலுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்குமாம். ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு நாள் முழுக்க மீன் கிழித்தார்கள். மீன் போனதும் பாதி ஊர் போனது. மிச்சத்தை எண்ணெய்க் கம்பெனிச் சம்பளம் காப்பாற்றியது. அப்படிப் போய்ப் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, 2001இல் டெக்சஸுக்கு மாற்றலாகி வந்தவர்.

கிரெய்க்வென்னில் முதல் குளிர்காலத்தில் மழையைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் அவரிடம் பேசவில்லை. டிசம்பர் கடைசி நாள் ஒரு மீனவரின் விதவை வந்து கதவைத் தட்டினார். புது வருடத்தில் எங்கள் வாசலை நீதான் முதலில் மிதிக்கவேண்டும் என்றார். கறுத்த முடிக்காரர் கையில் கரித்துண்டோடு வந்தால் வருடம் முழுக்க வீட்டில் நல்லது நடக்குமாம். ஊரிலோ எல்லாம் செம்பட்டைத் தலை. அந்த வருடம் இருபத்துமூன்று வீட்டுக்குப் போனார்.

“தேனியில கரிச்சட்டின்னானுங்க. அங்க வரிசையில நின்னு கூப்பிட்டாங்க!” என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ராகுகாலம், ஜாதகம் எதையும் நம்பாதவர் இதை மட்டும் விடவில்லை. தலை நரைத்த பிறகு எங்கள் அத்தாவைப் பிடித்துக்கொண்டார். ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு அத்தா பார்பிக்யூ கரியோடு போகவேண்டும். அதுவரை அந்த வீட்டுக்குள் யாரும் நுழையக்கூடாது.

2006 இறுதியில் அங்கிளின் மனைவி ராஜலக்ஷ்மி ஆன்ட்டிக்குக் கேன்சர். ஜனவரி மூன்றாம் தேதி ஸ்கேன் ரிசல்ட். “நசுருதீன், ஷார்ப்பா ஏழு மணிக்கு வந்துடுங்க” என்று அங்கிள் மூன்று முறை போன் பண்ணினார்.

புத்தாண்டுக் காலை, அத்தாவுக்கு முன்னால் நான் ஆறு ஐம்பதுக்கே போனேன். அண்ணன் அயானின் ஜாக்கெட், தலையை மூடி ஹூட், மஸ்காராவில் மீசை, கையில் பார்பிக்யூ கரி. கதவு திறந்ததும் உள்ளே குதித்து, கட்டைக் குரலில் “ஹேப்பி நியூ இயர் சார்!” என்றேன். ஹூட் நழுவி ஜடை வெளியே விழுந்தது.

சோபாவில் படுத்திருந்த ஆன்ட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஐயோ ஃபைஹா, உங்கத்தாவை விட உனக்குத்தான்டி மீசை பொருந்துது!”

அங்கிள் சிரிக்கவில்லை. கரியை வாங்கிக்கொண்டு, “கேக் எடுத்துக்கோம்மா” என்றார்.

அத்தாதான் என்னை வீட்டுக்கு இழுத்து வந்து சொன்னார். “பொம்பளப் பிள்ளை முதல்ல நுழைஞ்சா அந்த ஊர்ல ஆகாதாம். தெரியாதா ஒனக்கு?”

தெரியாது. கறுத்த முடி என்றுதான் கேட்டிருந்தேன். ஆம்பளை முடி என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்கேனில் ஈரல்வரை பரவியிருந்தது. மார்ச்சில் ஆன்ட்டி போய்விட்டார்.

அதன்பிறகு அங்கிள் முகத்தை நான் பார்க்கவில்லை. அம்மா சாப்பாடு கொடுத்தனுப்பினால் வாசலில் வைத்து, பெல்லை அடித்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

ஜூலையில் அவரே கூப்பிட்டார். கிரெய்க்வென்காரர்கள் ஊர் வரலாறு எழுதுகிறார்களாம். அவர் பங்கை டைப் பண்ண ஆள் வேண்டும். ஒரு தேதி சரியா என்று பார்க்க ஸ்காட்லாந்துக்கு இரண்டு போன் போடுகிற மனுஷன். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டு வந்தேன். புத்தாண்டுப் பகுதி வந்தது. கறுத்த முடி, கரி, இருபத்துமூன்று வீடு. நிறுத்தினார்.

“அடுத்து துறைமுகச் சுவர்.”

“அங்கிள், பொண்ணுங்க முதல்ல வந்தா என்னன்னு சொல்லலையே.”

“அப்படி ஒண்ணும் கிடையாது.”

“அத்தா சொன்னாங்க.”

“உங்கத்தா என்னிக்குக் கிரெய்க்வென் போனாரு?”

பெண் முதலில் நுழைந்தால் ஆகாது என்ற வரியை நானே டைப் பண்ணினேன். அவர் குனிந்து, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். வெகு நேரம் ஆனது. என்னைப் பார்க்கவே இல்லை.

“அம்பத்திமூணு புயல்ல சுவர் இடிஞ்சுது. எழுதும்மா.”

கண் கலங்கி 1953க்குப் பதில் 1935 என்று அடித்துவிட்டேன். திரையைப் பார்த்தும் அவர் திருத்தவில்லை.