கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு தலகணி உறை

துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள நூதனசாலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. சுற்றிவர பீரங்கிக் குண்டுகள், நங்கூரங்கள், மீசை வைத்த தளபதிகளின் படங்கள். சண்டைக்கு வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இங்கேயே வேலை செய்து, சமைத்து, படுத்தெழும்பிய எங்களைத்தான் காணவில்லை. படுத்தெழும்பிய என்று நினைத்ததும் எங்கள் வீட்டுத் தலகணி உறை ஞாபகம் வந்தது.

அது மாச்சாக்கில் தைத்தது. அப்பா துறைமுகத்து மா ஆலையில் சேர்ந்த புதிதில் கோதுமை மா துணிச்சாக்கில்தான் வரும். வெறுஞ்சாக்கு வீட்டுக்கு வந்தால் தலகணி உறை, யன்னல் சீலை, எனக்கு உள்பாவாடை. எங்கள் ஒழுங்கையில் அப்படித் தைக்காத வீடே இல்லை. எங்கள் உறையில், சாக்கில் அச்சடித்திருந்த ஆலை முத்திரையான ஒரு நீலக் கப்பல் இருந்தது. அதன்மேல் கன்னத்தை வைத்துத்தான் நான் வளர்ந்தேன்.

நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்த மிஸ்ஸிடம் ஓடிப்போய் உறையைப் பற்றிச் சொன்னேன்.

"அதில கப்பல் இன்னும் தெரியுமா?" என்றார்.

"ஓம் மிஸ், வடிவாத் தெரியும்."

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு முன்னம் கொண்டு வாங்கோ. பிந்தினா இன்னும் ரெண்டு குண்டுதான் உள்ளுக்குப் போகும்."

வீட்டில் சொன்னதும் அம்மா வாயில் கை வைத்தார். "உனக்கென்ன விசரே? நாலு பேர் பார்க்கிற இடத்தில எங்கட தலகணி உறையோ?"

கதிரையில் இருந்த அப்பா சிரித்தார். "இஞ்சாரப்பா, உன்ர தையலை ஊர் பார்க்கட்டுமன்."

அதுதான் வேலை செய்தது. அடுத்த நாள் நான் உப்புவெளியில் டியூசன் சொல்லிக்கொடுத்துவிட்டு வர, மண்ணிறத் தாளில் சுற்றிய பொதியை அம்மா நீட்டினார். பிரித்துப் பார்க்கப் பொறுமை ஏது? பஸ்ஸைப் பிடித்துப் பறந்தேன்.

மிஸ் பிரித்தார். பால்வெள்ளை. குளோரின் தண்ணியில் ஊறவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்பில் விரல் வெட்டுமளவுக்கு அயன் பண்ணியிருந்தது.

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "தங்கச்சி, கப்பல் எங்க?"

"குளோரின் தண்ணியில மூழ்கிட்டுது மிஸ்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார். அங்கிருந்தே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பின்ன? அழுக்கை அனுப்பினா எங்களை என்னெண்டு நினைப்பினம்?" என்றார்.

கோபிக்க ஏலாது. பக்கத்து வீட்டுத் தட்டைக்கூட ஒருபிடி சீனி போடாமல் திருப்பிக் கொடுக்காதவர் அவர்.

பெட்டி இன்னும் வெறுமைதான். வெள்ளிக்கிழமையும் இன்னும் வரவில்லை. சாம்பல்தீவில் மாமி வீட்டுக் குசினி யன்னலில் ஒரு மாச்சாக்குச் சீலை தொங்குகிறது. போன பொங்கலுக்குப் போனபோது, எண்ணெய்ப் புகைக்குள்ளும் அதில் கப்பல் தெரிந்தது. நாளைக்கு முதல் பஸ்ஸில் போகப்போகிறேன். வருவதாக மாமிக்குச் சொல்லமாட்டேன். அம்மாவிடம் மூச்சும் விடமாட்டேன். யன்னலில் இருந்து கழற்றி, புகை மணத்தோடு, நேரே மிஸ்ஸின் கையில்.