வாய்க்காரிக்கு விழுந்த ஓட்டு

மேவிஸ் கிரிம்ஷா பாராளுமன்ற உறுப்பினரானது ரொம்பப் பிற்பாடு. ஹாக்கிள்டனில் அவள் பேச்சு வந்தால், லண்டனில் அவள் எந்த மந்திரியை மடக்கினாள் என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. அவள் முதன்முதலாக நகர்மன்றத்துக்கு நின்றபோது விழுந்த ஒற்றைச் சீட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எது முக்கியம் என்று நன்றாகவே தெரியும்.

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கப் போனவள் அவள். இயந்திர இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை அப்படியே பழகிவிட்டது. தேவாலயத்தில் அவள் பக்கத்திலிருப்பவர் காதில் ஏதாவது சொன்னால் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். கழிப்பறைக்குப் போக மேஸ்திரியிடம் கைதூக்கி உத்தரவு கேட்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஒருநாள் மொத்தப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் மேலாளர் அறை வாசலில் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் விதி காணாமல் போயிற்று. தொழிற்சங்கத்தில் அவளைத் தலைவியாக்கினார்கள்.

கசாப்புக்கடை ஆர்தர் லம், தராசுத் தட்டில் கட்டைவிரலையும் சேர்த்து வைத்து நிறுப்பவர். கடை நிறைய ஆள் இருக்கும்போது, "ஆர்தர், அந்த விரலையும் வெட்டிப் பொட்டலத்துல போடு, காசு குடுத்திருக்கேன்ல!" என்று கத்தியவளும் மேவிஸ்தான். ஆர்தர் அன்று அவளுக்கு வைத்த பெயர் வாய்க்காரி. பெயர் பொருத்தமாக இருந்ததால் ஊரே எடுத்துக்கொண்டது.

இப்படி இருக்கையில், மில் தெருவிலிருந்த பொதுச் சலவைக்கூடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டப்போவதாக நகர்மன்றம் சொன்னது. எங்கள் தெரு வீடுகளில் ஒரு போர்வையைக் காயப்போடவும் இடம் கிடையாது. திங்கட்கிழமை ஆனால் பெண்கள் பழைய குழந்தை வண்டிகளில் அழுக்குத் துணியை மலையாக ஏற்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். மன்றத்தில் இடிக்கலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் சரிபாதி. அப்போது வந்த தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவர் கையில்தான் சலவைக்கூடத்தின் உயிர். வக்கீல் பாம்ஃபோர்த் இடிக்கிற கட்சி. அவரை எதிர்த்து மேவிஸ் நின்றாள்.

"நீ ஜெயிச்சுப் போயிட்டா எனக்கு யாரு முட்டை பொரிச்சுத் தருவா?" என்றான் பஸ் ஓட்டும் கணவன் ஸ்டான்.

"அவ்ளோ பெரிய பஸ்ஸையே ஓட்டுற, ஒரு முட்டைய உடைக்கத் தெரியாதா?"

வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடிதம் போடும் கதவுத் துவாரத்தில் பிரசாரத் துண்டுச்சீட்டைத் தள்ளும்போது இரண்டு நாய்கள் விரலைப் பதம் பார்த்தன. ஆர்தர் வீட்டுக் கதவையும் விடவில்லை.

"நாதியத்துப் போனாலும் உனக்குப் போடமாட்டேன், வாய்க்காரி!" என்று ஆர்தர் கதவைச் சாத்தினார். அதையே வாரம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ஊரே கூடி நிற்க, நகர்மன்றக் கூடத்தில் எண்ணினார்கள். திரும்ப எண்ணினார்கள். இருவருக்கும் சரிசமம். ஒரே ஒரு சந்தேகச் சீட்டு மிச்சம். அதை வேட்பாளர்களிடம் காட்டுவது முறை என்பதால், தேர்தல் அதிகாரி மேசைமேல் விரித்து வைத்தார். மேவிஸ் பெயருக்கு எதிரே ஓட்டுக்கான பெருக்கல் குறி இல்லை. கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதியிருந்ததை அவர் உரக்கப் படித்தார்: 'வேற நாதியில்ல. இந்த வாய்க்காரிக்கே போட்டுத் தொலைக்கிறேன்.'

"யாருக்குப் போட்டிருக்குன்னு தெளிவா இருக்கு. செல்லும்," என்றார் அதிகாரி.

"செல்லாது," என்றார் பாம்ஃபோர்த். "எழுத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடிஞ்சா சீட்டு செல்லாதுன்னு சட்டம் இருக்கு. இது கசாப்புக்கடை ஆர்தர். நாதி, வாய்க்காரி ரெண்டுமே அவர் வாய்ல வர்றதுதான்."

"செல்லாதுன்னா ரெண்டு பேர் பேரையும் எழுதிப் போட்டுக் குலுக்க வேண்டியதுதான். நீங்க என்ன சொல்றீங்க, திருமதி கிரிம்ஷா?" என்றார் அதிகாரி.

மேவிஸ் குனிந்து சீட்டை இன்னொரு தடவை பார்த்தாள். அது ஆர்தர்தான். அவளுக்குச் சந்தேகமே இல்லை. தெரியும் என்றால் ஓட்டுப் போச்சு. தெரியாது என்று பொய் சொல்ல அவளுக்கு வராது. குலுக்கலுக்கு விட்டால், திங்கட்கிழமை வண்டிகள் எங்கே போகும்?

சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, இந்த ஊர்ல என்னை என்னன்னு கூப்பிடுவீங்க?"

"வாய்க்காரி!" கூரை அதிர்ந்தது. பாம்ஃபோர்த்தின் ஆட்களும் சேர்ந்தேதான் கத்தினார்கள்.

"நானும் வேற நாதியில்லாமத்தான் போட்டேன்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது.

"ஸ்டான், நீயுமா கத்துன?"

"வீட்டுக்குள்ள தினமும் சொல்றவன் நான்தானே?"

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "இதை இந்த ஊர்ல யார் வேணா எழுதியிருக்கலாம். சீட்டு செல்லும்." பாம்ஃபோர்த் தொப்பியைத் தேடினார்.

அடுத்து மன்றம் கூடியபோது அவள் கைதூக்கியதில் சலவைக்கூடம் தப்பித்தது. அந்தச் சனிக்கிழமை ஆர்தர் கடைக்கு ஆட்டுக்கறி வாங்கப் போனாள்.

"ஜெயிச்சுட்டியாமே," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். "என் ஓட்டு உனக்கு இல்ல. தெரிஞ்சுக்கோ."

மேவிஸின் நாக்கு துறுதுறுத்தது. கடையின் பின்கட்டில் ஆர்தரின் மனைவி ஐவி, முடக்குவாதத்தில் வீங்கிப்போன விரல்களால், ரத்தக்கறை படிந்த கடை அங்கிகளை ஒவ்வொன்றாகக் குழந்தை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு. மேவிஸ் அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"தெரியும் ஆர்தர்," என்றாள், அவளுக்கே கேட்காத குரலில்.

அவர் கறியைத் தராசுத் தட்டில் போட்டார். பிறகு இரண்டு கைகளையும் அவள் பார்க்கும்படி மேலே தூக்கி, முள் நிற்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.