சித்தி வார்த்த பெரிய மணி

மணிச் சத்தத்தை எல்லோரும் காதால் கேட்பார்கள். என் சித்தி பல்லால் கேட்பாள்.

பட்டறையிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். துருத்தியின் இரைச்சலும் சுத்தியலின் அடியும் சேர்ந்து வலது காதை முழுதாகத் தின்றுவிட்டன. இடது காது பாதி மிச்சம். வார்த்த மணி ஆறியதும் ஒரு மரக்குச்சியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுநுனியை மணியின் விளிம்பில் வைத்துத் தட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். உள்ளே விரிசல் இருந்தால் குச்சியைத் துப்பிவிடுவாள். நல்ல மணியென்றால் குச்சியோடு சிரிப்பாள்.

"எலும்பு கிடைச்ச நாய்க்குட்டி மாதிரி இருக்கே சித்தி" என்று ஒரு நாள் சொன்னேன்.

"நாய்க்குட்டியா இருந்தாலும் வேலை தெரிஞ்ச நாய்க்குட்டிடி" என்றாள்.

ஊர் இருப்பது மலையின் உச்சந்தலையில். பாதிப் பேர் ஆடு வளர்ப்பவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைமணி உண்டு. சாயங்காலம் அதை அடித்தால் சரிவில் மேயும் ஆடுகள் உப்புக்காக ஓடிவரும். ஒரு வீட்டு மணியின் குரல் இன்னொரு வீட்டுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு மந்தையும் கலந்து, சாயங்காலம் முழுக்க அடிதடிதான். அதனால் சித்தியின் பட்டறைச் சுவரில் வீட்டுக்கு ஒரு மரப்பலகை தொங்கும். அந்த வீட்டு மணியின் வளைவு அதில் வெட்டியிருக்கும், மூலையில் அந்த வீட்டின் குறியும். மணி உடைந்தால் அதே பலகையை வைத்து அதே குரலில் இன்னொன்று வார்த்துவிடலாம். சுற்றுவட்டார மலைகளிலிருந்தும் ஆள் வருவதால் சித்திக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வாய்க்கும் பஞ்சமில்லை.

பல வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு, முதுகுப் பையோடு நான் அந்தப் பட்டறை வாசலில் வந்து நின்றேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன்.

"வந்துட்டியா? பையை அங்க வெச்சுட்டுத் துருத்தியைப் பிடி. உங்க சித்தப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு."

அந்த வாரம் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கோபுரத்தில் தொங்கிய பெரிய மணி விரிசல் விட்டு, தகரத்தைத் தட்டுவதுபோல் கடகடக்க ஆரம்பித்திருந்தது. சாதாரண மணியா அது? மூடுபனி இறங்கினால் இங்கே நீட்டிய கை தெரியாது. கீழே ஓடை வளைவில் பாதை இரண்டாகப் பிரியும்; ஒன்று ஊருக்கு, ஒன்று பள்ளத்துக்கு. பனியில் ஏறி வருகிறவர்களுக்கு அந்த மணிச் சத்தம்தான் கண்.

ஊர்க் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் கொம்பன். மீசையின் இரண்டு முனையும் ஆட்டுக் கொம்புபோல் மேலேறி நிற்பதால் அந்தப் பெயர். ஊரிலேயே பெரிய மந்தை அவருடையதுதான்.

"எதுக்கு இத்தனை பேச்சு? ஒரு சைரன் வாங்கிப் போடுவோம். பட்டனை அமுக்கினா வேலை முடிஞ்சுது."

சித்தி இடது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவள் விருட்டென்று எழுந்தாள். "ஊருக்கு ஊர் மணி வார்த்துக் குடுக்கறோம். நம்ம கோபுரத்துல மட்டும் எங்கேருந்தோ வண்டியில வந்த மணி தொங்கிச்சு. அதுவும் போச்சு. இப்ப ஊதுகுழாய் கட்டணுமா? நான் வார்க்கறேன்."

"தங்கச்சி, நீ உள்ளங்கை அகலத்துக்கு மணி பண்றவ. இது ஓடை வளைவு வரைக்கும் கேக்கணும்."

"கேக்கும்."

"கேக்கலேன்னா?"

"நானே சம்மட்டியால உடைச்சு ஆட்டு மணியா வார்த்துடறேன். அப்பறம் கோபுரத்துல உங்க சைரனைக் கட்டிக்கங்கண்ணே. நான் வாயே திறக்க மாட்டேன்."

"கடைசியா சொன்னதை மட்டும் நம்ப முடியலை" என்றார் யாரோ. கூட்டம் சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு, "இவ வாய் இருக்கே, அதை வெச்சே பனியை விலக்கிடலாம்" என்று முனகினார்.

சின்னப் பெண்ணாக இருந்தபோதே அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, நம் மணி ஒன்று அங்கே ஏற வேண்டும் என்று நினைத்தவளாம் சித்தி. இந்த ஒரு தடவை தவறினால் கோபுரத்தில் சைரன் ஏறிவிடும். பிறகு யார் இறக்குவார்கள்?

அடுத்த நாளே வேலை தொடங்கியது. பட்டறைக்குள் மணி நிற்க இடமில்லை என்று கொல்லையில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினோம். எந்த வளைவில் வார்ப்பது என்று சித்தி சுவர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரலால் தடவிப் பார்த்தாள். கரி ஏறிக் கன்னங்கரேலென்று இருந்த ஒன்றில் கை நின்றது.

"இதான். இந்த வளைவுக்குச் சத்தம் தூரம் போகும். என் கைக்குத் தெரியும்."

அதைப் பார்த்து, அதே வளைவில் என் மார்பு உயரத்துக்குப் பலகை ஒன்று வெட்டினாள். களிமண்ணில் உள்வடிவம், அதன்மேல் பலகையைச் சுழற்றி மெழுகு, மெழுகின்மேல் மறுபடியும் களிமண். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே மிஞ்சுகிற வெற்றிடம்தான் மணி. பழைய மணியைத் துண்டு துண்டாக உடைத்து உருக்கினோம். போதவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு ஓட்டைக் குடமும் காலொடிந்த விளக்குமாகக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

வார்த்த அன்று என் கை துருத்தியில் இருந்ததா, துருத்தி என் கையில் இருந்ததா, தெரியாது. வெண்கலம் தளதளவென்று பச்சைச் சுடர் விட்டது. சித்தி ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, "நிறுத்தாதே! நிறுத்தாதே! ம்... இப்ப விடு!" என்று கத்தினாள். உருகிய உலோகம் குழியில் புதைத்த அச்சுக்குள் இறங்கியது. மண்ணுக்கடியில் ஏதோ பெரிய மிருகம் தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு சத்தம். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ வேடிக்கை பார்த்திருக்கிறேன். எங்கேயும் இப்படி என் நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

ஆறியதும் தோண்டி எடுத்து மண்ணைத் தட்டினோம். சித்தி குச்சியைக் கடித்துக்கொண்டு விளிம்பில் வைத்தாள். தட்டினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு குச்சிக்கு இரண்டு பக்கமும் சித்தியின் உதடுகள் மெல்ல விரிந்தன.

பரிசோதனைக்கு ஏற்பாடு இதுதான்: கூட்டத்தார் இரண்டு பேர் ஓடை வளைவில் போய் நிற்பார்கள். மணி கேட்டால் சிவப்புத் துணியை ஆட்டுவார்கள். கோபுரத்தடியிலிருந்து பார்த்தால் தெரியும். காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. கயிறு போட்டு மணியை மேலே ஏற்றி மாட்டுவதற்குள் எங்கிருந்தோ பனி திமுதிமுவென்று ஏறி வந்து ஊரையே விழுங்கிவிட்டது.

"பனி விலகட்டும், அப்பறம் அடிக்கலாம்" என்றார் கொம்பன்.

"பனிக்குத்தானேண்ணே மணியே!" என்று சொல்லிவிட்டு சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

டாங்!

என் விலா எலும்பு அதிர்ந்தது. மறுபடியும். மறுபடியும். பிறகு நிறுத்தினாள். எல்லோரும் வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"துணியைக் காணோம்" என்றார் கொம்பன்.

"துணியா? உங்க மீசையே தெரியலை" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

மேலேயிருந்து சித்தி, "என்ன சொல்றாங்க? கேட்டுதாமா?" என்று கூவினாள். சித்தப்பா போய், மணியை மாட்டக் கொண்டுவந்திருந்த சம்மட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார், யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதுபோல்.

அப்போதுதான் கீழேயிருந்து சலசலவென்று ஒரு சத்தம். கல் உருளும் சத்தம். குளம்புச் சத்தம். பனியைக் கிழித்துக்கொண்டு ஓர் ஆடு பாய்ந்து வந்தது. பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் பத்து, அதற்கும் பின்னால் ஒரு வெள்ளமே வந்தது. வந்த ஆடுகள் கோபுரத்தைச் சூழ்ந்துகொண்டு மேலே பார்த்து மேமே என்று கத்தின. கொம்பனைக் கண்டதும் அவர்மேல் காலைப் போட்டு ஏறி, கையை நக்கின. ஒன்று அவர் சட்டைப்பையையே மெல்ல ஆரம்பித்தது.

"ஏய், இது நம்ம மந்தையாச்சே! ஓடைக்கு அந்தாண்டைல்ல மேயுது!"

அதற்குப் பதில் சொல்ல அவர் மனைவியே மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இப்பத்தான் மேய விட்டேன், அதுக்குள்ள உப்புக்குக் கூப்பிடறீங்க! பனியில இதுங்க பின்னாடி ஓடி முட்டி ரெண்டும் கழண்டு போச்சு!"

"நான் எங்கடி கூப்பிட்டேன்? சும்மாதானே நிக்கறேன்!"

"பொய் சொல்லாதீங்க. நம்ம வீட்டு மணி எனக்குத் தெரியாதா? தொண்டை கட்டின மாதிரி இருந்துச்சு. ஆனா நம்ம மணிதான்."

கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தில் ஆடுகளே மிரண்டன. நான் ஏணியில் மேலே ஏறிப் போய், சித்தியின் இடது காதில் கத்தினேன்: "ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கு! கொம்பனோட ஆடெல்லாம் உப்புன்னு நினைச்சு வந்துடுச்சு!"

சித்தியின் முகம் மலர்ந்தது, மறுகணமே திடுக்கிட்டது. ஏணியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கிப் பட்டறைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அந்தக் கறுத்த பலகையை இறக்கி முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். கரிக்கடியிலிருந்து இரண்டு கொம்பு எழுந்து வந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்று பலகையைத் திட்டினாள். விரிசலையும் சத்தம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் பல் சொல்லிவிடும். யாருடைய குரல் என்று சொல்லக் காதுதான் வேண்டும். அதைத்தான் பட்டறை தின்றுவிட்டதே.

ஓடை வளைவுக்காரர்கள் ஏறி வருவதற்குள் வெயிலே வந்துவிட்டது. "துணியை ஆட்டி ஆட்டிக் கை ஓஞ்சு போச்சு. யாராவது பாத்தீங்களா இல்லையா?" என்றார்கள். ஒருவரும் அவர்களைக் கவனிக்கவில்லை.

தொழிலில் செய்யக் கூடாத தப்பு இது. சித்தி கொம்பன் வீட்டுக்கே போய், புதுக் குரலில் ஒரு கைமணி வார்த்துத் தருவதாகச் சொன்னாள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. ஊருக்கே அடிக்கறது என் வீட்டு மணியாக்கும். மாத்துவேனா?"

சைரன் என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

இப்போது பனி இறங்கினால் கோபுரத்துக்கு முதலில் ஓடுகிறவர் மணி அடிப்பவர் அல்ல, உப்புப் பையோடு கொம்பன்தான். அடுத்த மலையிலிருந்தும் ஒரு பெரிய மணிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சித்தி எல்லாப் பலகையையும் கழுவிக் காய வைத்திருக்கிறாள். என் பை இன்னும் துருத்திக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, மேலே இத்தனை கரி.