உடும்புப் பிடி

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பாகூரில் கூலிக்குக் கரும்பு வெட்டியவன், இந்தக் கையால்தான் சொந்த ரைஸ் மில் வைத்தேன். எங்கள் வம்சத்துக்கே உடும்புப் பிடி என்பார்கள். விடியற்காலையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்தால் என் விரல்கள் லேசில் பிரியாது. அதைச் சொல்லிச் சொல்லியே மீசையை முறுக்குவேன்.

எண்பதுகளில் என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக வீட்டுக்கு வந்தாள். கன்னம் ஒட்டி, இமை சரிந்து, விழித்துக்கொண்டே தூங்குகிறவள் போல இருந்தாள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நரம்பு நோய்களை ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருவர் அவளைக் கையை இறுக மூடித் திறக்கச் சொன்னார். மூடினாள். திறக்க வரவில்லை. உள்ளே யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவதுபோல விரல்கள் மெல்ல விரிந்தன.

"எங்க வம்சப் புடி டாக்டரம்மா அது!" என்றேன்.

அவர் தன் இரண்டு விரல்களை நீட்டினார். "நீங்களும் புடிங்க ஐயா. இப்ப விடுங்க."

நான் விட்டேன். என் கை விடவில்லை.

"இது பலம் இல்லீங்க ஐயா. நோய்."

உடம்புக்குள் உத்தரவு கொண்டுபோகிற ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டாம். கோளாறு அதில்தானா என்று தேடிக்கொண்டிருக்கிறாராம்.

"தண்டோராக்காரன் குடிச்சிட்டு உளறுனா ஊரே கெட்டுப்பூடும், அதானே?"

அவர் சிரித்துவிட்டார். "அதேதான். எங்க உளறுறான்னுதான் புரியல."

அன்றிலிருந்து என் தோலுக்கடியில் ஒருவன் தெருத்தெருவாகப் பறையடித்துக்கொண்டு போவதாகவே இருந்தது.

"பொறக்கப் போறது எப்படிம்மா இருக்கும்?" என்று அன்றே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இந்த நோய் அம்மா வழியா போனா சில குழந்தைங்க தொவண்டு பொறக்கும். கையே மூடாது. எல்லாத்துக்கும் அப்படி ஆவாது."

மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பேரன் பிறந்தபோது அழுகைக்காக வெளியே காத்து நின்றேன். கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். நனைந்த துணிபோல் கிடந்தான். மூச்சு மட்டும் இருந்தது. அவன் உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். எந்தப் பச்சைப் பிள்ளையும் பற்றிக்கொள்ளுமே. அந்தக் கை திறந்தே கிடந்தது.

கட்டிலிலிருந்து மகள் கேட்டாள்: "புடிச்சானாப்பா?"

"புடிச்சான்டி. இன்னா புடி!"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.